கணக்குக் காட்டாதார்

(தென்னேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் ஊர்ப் பையன் ஒருவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல், மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் தாண்டிவிட்டான். வேலை கைக்கெட்டும் நேரத்தில் அவனைப் பற்றி விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார். அக்கம்பக்கத்தில் கேட்பார், பதிவேட்டைப் புரட்டுவார். என்றைக்கோ திருவிழாவில் நடந்த அடிதடியில் அவன் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறியிருந்தால் சிக்கல்தான். கோர்ட்டு விடுதலை செய்துவிட்டதே என்று அவன் சொல்லலாம். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தாலோ, சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையாகியிருந்தாலோ, அவனை வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கொள்ள வேண்டும் என்கிறது தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணி விதி. படிவத்தில் வழக்கை மறைத்திருந்தால் என்ன செய்வது என்பதை வகுக்க உச்ச நீதிமன்றமே 2016இல் அவதார் சிங் வழக்கில் நீண்ட தீர்ப்பு எழுதவேண்டி வந்தது.

அதே பையன் காவலர் வேலையை விட்டுத் தள்ளிவிட்டுச் சட்டமன்றத் தேர்தலில் நின்றால் எந்த ஸ்டேஷனிலிருந்தும் எவரும் வந்து விசாரிக்க மாட்டார்கள். வழக்கு நிலுவையில் இருந்தாலும் நிற்கலாம், ஜெயிக்கலாம். உள்துறை அமைச்சராகி, அவனை நிராகரித்த அந்தக் காவல்துறைக்கே தலைமை தாங்கவும் சட்டம் தடை சொல்லாது. அமைச்சரானால் அவன் எடுக்க வேண்டியது அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலுள்ள இரண்டு உறுதிமொழிகள். பதவிக்கு ஒன்று, இரகசியக் காப்புக்கு ஒன்று. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சாதாரண எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் அந்த இரகசியக் காப்பு உறுதிமொழிகூடக் கிடையாது.

'கான்ஸ்டபிளுக்கு ஒரு ரூலு, மந்திரிக்கு ஒரு ரூலா?' இதை நீங்கள் தேநீர்க் கடையில் கேட்டிருப்பீர்கள், நீங்களே பேசியும் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு நம் வாயில் முதலில் வரும் விடை, 'மந்திரிக்கும் போலீஸ் விசாரணை வை, செக்யூரிட்டி கிளியரன்ஸ் வை' என்பது. அந்த விடையை நான் ஏற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களைச் சோதிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, இன்றைக்கு இருப்பதைவிடக் கடுமையாகவே சோதிக்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை யாருக்கும் தெரியாத ஒரு கோப்புக்குள் நடக்கக் கூடாது. ஊர் பார்க்க நடக்க வேண்டும். இதைச் சொல்ல இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை. வாலாஜாபாத் போய், பாலாற்றைக் கடந்தால் உத்திரமேரூர். அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் டெல்லி வரை போய்வருவோம்.

பாதுகாப்பு அனுமதி என்பது என்ன? ஒரு மனிதரை நம்பி அரசாங்க இரகசியத்தைக் கொடுக்கலாமா என்று உளவுத்துறை விசாரித்து, ஆகலாம் அல்லது ஆகாது என்று எழுதும் குறிப்பு. அந்தக் குறிப்பை எழுதுகிறவர்கள் அன்றைய அரசாங்கத்தின் கீழ் வேலை செய்கிறவர்கள். அன்றைய அரசாங்கத்துக்கு யார் ஆபத்தானவராகத் தெரிகிறாரோ அவரே நாட்டுக்கும் ஆபத்தானவர் என்று எழுதிவிடுவது எளிது.

1976 ஜூனில் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸைக் கல்கத்தாவில் கைது செய்தார்கள். நெருக்கடி நிலைக் காலம். பரோடா வெடிமருந்து வழக்கில் முதன்மைக் குற்றவாளியாக அவரைச் சேர்த்தார்கள். அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. கையில் விலங்கோடு அவர் நிற்கும் புகைப்படத்தை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. சிறையில் இருந்தபடியே பீகாரின் முசாஃபர்பூரில் நின்றார். தொகுதிக்கே போகாமல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அமைச்சரானார், வழக்கு திரும்பப் பெறப்பட்டது. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது இந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் யார் தெரியுமா? அதே ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ்தான். 1977இல் பாதுகாப்பு அனுமதி என்று ஒன்று இருந்திருந்தால் அவர் வேட்புமனுவையே தாக்கல் செய்திருக்க முடியாது.

நம் பக்கத்திலும் கதை உண்டு. 1976 ஜனவரி 31ஆம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் எத்தனையோ பேரைச் சென்னை மத்தியச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் இந்த மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்பு என்பதுதான் அந்தச் சட்டத்தின் பெயரே.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் இரண்டு பேர் சிறையிலிருந்தபடி ஜெயித்தார்கள். காஷ்மீரின் பாரமுல்லாவில் இன்ஜினியர் ரஷீத், பஞ்சாபின் கடூர் சாகிப்பில் அம்ரித்பால் சிங். ஒருவர் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் திகாரில் இருந்தார், மற்றவர் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் திப்ரூகரில் இருந்தார். இவர்களை நாடாளுமன்றத்துக்குள் விடலாமா என்று கேட்பவர்களின் கவலையை நான் எள்ளி நகையாடவில்லை. ஃபெர்னாண்டஸும் இவர்களும் ஒன்று என்றும் சொல்லவில்லை. ஆனால் வேறுபாட்டை யார் தீர்மானிப்பது? நீதிமன்றம் ஆதாரத்தைக் கேட்டுத் தண்டனை கொடுத்தால் பதவி போகும். அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. உளவுக் குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான வாக்குகளைச் செல்லாமல் ஆக்குவது வேறு விஷயம்.

சரி, கோப்பு சுத்தமாக இருந்தவர்களாவது இரகசியத்தைக் காத்தார்களா? 1985 ஜனவரியில் கூமர் நாராயண் வழக்கு வெளிவந்தது. பிரதமர் அலுவலகத்திலிருந்தும் பிற முக்கிய அலுவலகங்களிலிருந்தும் கோப்புகள் நகலெடுக்கப்பட்டு வெளிநாட்டுத் தூதரகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. பிடிபட்ட அரசு ஊழியர்களில் பலர் உதவியாளர்கள், தட்டச்சர்கள் போன்ற நிலையினர். விசாரித்துத்தான் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். தன் அலுவலகத்தினர் சிக்கியதற்குப் பொறுப்பேற்று, பிரதமரின் முதன்மைச் செயலாளராக இருந்த பி.சி. அலெக்சாண்டர் பதவி விலகினார். பின்னால் தமிழ்நாட்டின் ஆளுநராக வந்தாரே, அவர்தான்.

கோப்பின் இன்னொரு குணம், அது பேசாது. மலையாளத் தொலைக்காட்சியான மீடியா ஒன்னுக்கு உள்துறை பாதுகாப்பு அனுமதி மறுத்தது. 2022 ஜனவரி 31ஆம் தேதி ஒளிபரப்பு நின்றது. ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்ல மாட்டோம், முத்திரையிட்ட உறையில் நீதிபதியிடம் கொடுப்போம் என்றார்கள். 2023 ஏப்ரல் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தேசியப் பாதுகாப்பு என்று வெறுமனே சொல்லிவிட்டுக் குடிமகனின் உரிமையைப் பறிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒரு டிவி சேனலுக்கே இந்த நிலை என்றால், எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவருக்கு இப்படியொரு உறை போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வாக்குப்பதிவு முடிந்து, எண்ணிக்கையும் முடிந்து, ஆட்சியும் அமைந்த பிறகு தீர்ப்பு வரும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு டெல்லி கொடுக்கும் அனுமதி ஒன்று இப்போதே நடைமுறையில் இருக்கிறது. முதலமைச்சரோ மாநில அமைச்சரோ அரசுமுறையாக வெளிநாடு போக வேண்டுமானால் வெளியுறவு அமைச்சகத்திடம் அரசியல் அனுமதி வாங்க வேண்டும். 2021இல் ரோமுக்குப் போகவிருந்த மம்தா பானர்ஜிக்கு அது கிடைக்கவில்லை. 2022இல் சிங்கப்பூர் மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட அரவிந்த் கெஜ்ரிவாலும் போக முடியவில்லை. காரணம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அனுமதி கொடுக்கும் கையும் அரசியல் கைதான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கனடாவில் நிலைமை தலைகீழ். அங்கே தேசியப் பாதுகாப்பு, உளவுத்துறை விவகாரங்களைப் பார்க்கும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவில் சேர மிக உயர்ந்த பாதுகாப்பு அனுமதி வேண்டும். வெளிநாட்டுத் தலையீடு பற்றி அந்தக் குழு 2024இல் கொடுத்த அறிக்கையின் முழுவடிவத்தைப் படிக்கக் கட்சித் தலைவர்கள் அனுமதி வாங்கினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொலியேவ் மட்டும் வாங்க மறுத்தார். வாங்கினால் தெரிந்துகொள்ளலாம், ஆனால் தெரிந்ததைப் பேச முடியாது, அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதே என் வேலை என்றார். அரசியல் தந்திரம் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. அதில் உண்மையும் இருக்கலாம். இருந்தாலும் மக்கள் பிரதிநிதியின் வாயை இரகசியத்தால் கட்டிவிட்டால் அவர் யாருக்குப் பிரதிநிதி என்ற கேள்வி அங்கே எழுந்தது. நம் ஊரில் அந்தக் கேள்வி எழவே இடமில்லை. நம் உளவு அமைப்புகளைக் கேள்வி கேட்க நாடாளுமன்றக் குழுவே கிடையாது.

இப்போது உத்திரமேரூருக்கு வருவோம்.

அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டைப் பற்றி உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குடவோலை என்றதும் ஓட்டுப் பெட்டி ஞாபகம் வரும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டி. பிரகாசம் கிராமப் பஞ்சாயத்துக்காக வாதாடியபோது இந்தக் கல்வெட்டைச் சொன்னார். 2020 டிசம்பர் 10ஆம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் சொன்னார். எல்லோரும் சொல்வது, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எங்களிடம் தேர்தல் இருந்தது என்பது. அது அவ்வளவு சரியில்லை. அங்கே ஓட்டுப் போடவில்லை, சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு அந்தச் சுவரில் முக்கியமாகப் படுவது குலுக்கலுக்கு முந்தைய பகுதி. யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்ற பகுதி.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் ஊர்ச் சபையின் ஒரு தீர்மானம். 14ஆம் ஆட்சியாண்டில், 921இல், அதைத் திருத்தி இன்னொரு தீர்மானம். இரண்டே வருடத்தில் திருத்தியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் விதியில் ஓட்டை இருந்திருக்கிறது, யாரோ அதில் புகுந்திருக்கிறார்கள் என்று நான் ஊகிக்கிறேன். முதலாவதில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது.

பிறகு வருகிறது தள்ளுபடிப் பட்டியல். அதில் முதலில் நிற்பவன் கொலைகாரனும் இல்லை, திருடனும் இல்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன். அவனுக்கு அடுத்து அவன் உறவுகள். சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாயின் உடன்பிறந்தான், தகப்பனின் உடன்பிறந்தான், அவனுடைய சகோதரன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன், தகப்பன், மகன். ஒருவர் விடாமல் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் அடுத்த முறை தன் மச்சானை நிறுத்துவான் என்று தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது. ஊர்க்காரர்கள்தான் இப்படி எழுத முடியும். தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு சட்டம் எழுதுகிறவருக்கு மச்சான் ஞாபகம் வராது.

அதற்குப் பிறகுதான் பெரும்பாதகம் செய்தவர்கள், பிறர் பொருளை அபகரித்தவர்கள், கள்ளக் கையெழுத்துப் போட்டவர்கள், ஊருக்குத் தொல்லையானவர்கள், கழுதைமேல் ஏற்றப்பட்டவர்கள் எல்லாம் வருகிறார்கள். கழுதைச் சவாரி அந்தக் காலத்துத் தண்டனை. இப்போது அதைக் கொண்டுவந்தால் நாட்டில் கழுதைகள் போதாது.

குலுக்கல் நடந்த முறையையும் பாருங்கள். முப்பது குடும்புகள், இன்றைய கணக்கில் முப்பது வார்டுகள். குடும்பு வாரியாகத் தகுதியுள்ளவர்களின் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியவரிலிருந்து பெரியவர் வரை மகாசபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஊரிலுள்ள கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர்கூட விடாமல் வர வேண்டும். மூத்த நம்பி எழுந்து நின்று குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு சிறுவன் கட்டு ஒன்றை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை எடுப்பான். அதை வாங்குகிற மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை வைத்து மாற்றிவிடுவான் என்ற பயம். வாங்கியவர் வாசிப்பார், பிறகு நம்பிமார் அத்தனை பேரும் அதையே வாசிப்பார்கள். ஒருவரையும் நம்பவில்லை என்று தெரிகிறது. எல்லோரையும் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தை ஒளிக்காமல் விதியாக்கியதால்தான் முடிவில் வந்த பெயரை ஊர் நம்பியது.

அப்படித் தேறியவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். தென்னேரிக்காரர்களுக்கு ஏரி வாரியம் எவ்வளவு பெரிய பொறுப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதகு எப்போது திறப்பது, கரை எங்கே இளகியிருக்கிறது, தூர்வார வந்த பணம் எங்கே போனது என்பதெல்லாம் அந்த ஆறு பேர் கையில். பதவிக் காலம் 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் உடனே நீக்கம். கணக்கு எழுதுகிறவனும் நேர்மையாகப் பொருள் சேர்த்தவனாக இருக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைச் சபைக்குத் தானே காட்டி, குற்றமற்றவன் என்று ஆன பிறகுதான் அவன் மறுபடியும் கணக்கு எழுத வர முடியும்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. உத்திரமேரூர் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர், பிரமதேயம். நிலமும் வேதப் படிப்பும் இருந்த ஆண்கள் பெயர்கள்தான் குடத்துக்குள் போயின. இந்த அவையில் இருப்பவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. பெண்கள் பெயர் ஒன்றுகூடப் போயிருக்காது. ஏரியை வெட்டி, கரையைக் கட்டியவர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. ஆகவே இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தீர்மானத்தின்போது சோழனின் அதிகாரியும் உடன் இருந்திருக்கிறார், 919இல் ஒருவர், 921இல் இன்னொருவர். அரசன் கண் அங்கேயும் இருந்தது. ஆனால் தகுதியைச் சோதித்தது அரசனுடைய ஒற்றர் படை இல்லை, சபை. விதியை எழுதியதும் ஓலைச்சுவடியில் எழுதிப் பெட்டியில் பூட்டவில்லை. சபை கூடும் மண்டபத்தின் சுவரிலேயே வெட்டினார்கள். எந்த விதிப்படி விழுந்தோம் என்பதைத் தள்ளப்பட்டவனும் வாசித்துக்கொள்ளலாம்.

நம் இன்றைய சட்டத்தில் இதன் சாயல் இருக்கிறதா? இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 10அ. தேர்தல் செலவுக் கணக்கை முறைப்படி தாக்கல் செய்யாமல், தகுந்த காரணமும் சொல்லாமல் இருப்பவரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்யலாம். முடிவு அறிவித்த முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கணக்குக் காட்டாதார், மூன்று ஆண்டு! ஆனால் இதில் மாட்டுகிறவர்கள் யார்? ஆடிட்டர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சுயேச்சைகள்தான் அதிகம் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்ச ரூபாய் வரம்பு. பெரிய கட்சி வேட்பாளர்கள் அந்த வரம்புக்குள் அழகாகக் கணக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் கட்சி எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு வரம்பே இல்லை. அந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தது யார் என்பதை 2018இலிருந்து ஆறு ஆண்டுகள் தேர்தல் பத்திரம் மறைத்து வைத்தது. வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள்.

வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு ஆகியவற்றை நாம் தெரிந்துகொள்வதும் அரசாங்கம் மனமுவந்து கொடுத்ததில்லை. ஜனநாயக சீர்திருத்த சங்கத்தின் வழக்கில் 2002 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்சிகள் சேர்ந்து சட்டம் கொண்டுவந்து அதைத் தடுக்கப் பார்த்தன. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் தடையையும் நீக்கியது. அதன்பிறகுதான் பிரமாணப் பத்திரம் நிலைபெற்றது. பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை என்று பிரிவு 125அ சொல்கிறது. அந்தப் பிரிவில் எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்று கேட்காதீர்கள்.

தண்டனை பெற்றால் பதவி போகும் என்பது 2013 ஜூலை 10ஆம் தேதி லில்லி தாமஸ் வழக்கில் உறுதியானது. அதுவரை மேல்முறையீடு செய்துவிட்டால் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஆண்டு, 2014 செப்டம்பர் 27ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே தண்டனையால் தகுதி இழந்த முதல் முதலமைச்சர் தமிழ்நாட்டில்தான் என்று ஆயிற்று. தண்டனை வரட்டும், பார்க்கலாம் என்பதே அமைச்சர்களுக்கும் பொருந்துகிறது. குற்றச்சாட்டு பதிவான ஒருவரை அமைச்சராக்கலாமா என்று 2014இல் மனோஜ் நரூலா வழக்கில் கேட்டபோது, அது பிரதமரின், முதலமைச்சரின் விவேகம் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. விவேகத்தை நம்பியதில் என்ன நடந்தது என்பதை நாம் நம் மாநிலத்திலேயே பார்த்தோம். அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி 2023 ஜூன் 14ஆம் தேதி அமலாக்கத்துறையால் கைதானார். இலாகா இல்லாத அமைச்சராகச் சிறையில் தொடர்ந்தார். ஜூன் 29ஆம் தேதி ஆளுநர் அவரை நீக்குவதாக அறிவித்து, அன்றிரவே அந்த அறிவிப்பை நிறுத்தி வைத்தார். 2024 பிப்ரவரியில் பாலாஜி பதவி விலகினார். செப்டம்பரில் ஜாமீன் கிடைத்த சில நாட்களில் மறுபடியும் அமைச்சர். பதவியா, ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் இரண்டாம் முறை விலகினார். வழக்கின் தீர்ப்பு என்னவாகவும் இருக்கட்டும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இத்தனை காலமும் அரசாங்கத்தின் மேல் மக்களுக்கிருந்த மரியாதை கூடியதா குறைந்ததா? ஆளும் கட்சி, ஆளுநர் மாளிகை, அமலாக்கத்துறை மூன்றின் மேலும் இருந்த மரியாதையையும் சேர்த்தே கேட்கிறேன்.

இதற்கு மருந்து என்று சொல்லி 2025 ஆகஸ்ட் 20ஆம் தேதி மக்களவையில் 130ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவை வைத்தார்கள். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால், பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ, 31ஆம் நாள் பதவி போகும். விடுதலையானால் மறுபடி நியமிக்கலாம். கூட்டுக்குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சிறையிலிருந்து கோப்பில் கையெழுத்துப் போடும் அமைச்சரை எவரும் விரும்ப மாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் முப்பது நாளை எண்ணத் தொடங்குவது யார்? கைது செய்கிற அதிகாரி. அவருக்கு மேலதிகாரி யார்? மாநில அமைச்சரென்றால் பெரும்பாலும் டெல்லியின் அமைப்பு. ஜாமீனே எளிதில் கிடைக்காத சட்டங்கள் இருக்கும்போது முப்பது நாள் என்பது பெரிய தடையில்லை. குற்றம் கண்டவனை உடனே நீக்கு என்று உத்திரமேரூரும் சொன்னது. ஆனால் அங்கே நீக்கியது அவனைச் சோதித்துப் பெயர் எழுதிய அதே சபை. இந்த மசோதாவில் தேர்ந்தெடுத்த அவை வாயைத் திறக்கவே தேவையில்லை. பாதுகாப்பு அனுமதிக் கோப்பு வாசல் வழியாக வர முடியாததால் ஜன்னல் வழியாக வருகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பது நாளுக்குப் பிறகு சட்டமன்றம் கூடி, குற்றச்சாட்டின் ஆதாரத்தை வெளிப்படையாக வைத்து, ஒவ்வொரு உறுப்பினரும் பெயர் சொல்லி வாக்களித்து முடிவெடுக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என் எதிர்ப்பு பாதி குறையும். கட்சிக் கட்டுப்பாட்டில் எல்லோரும் ஒரே பக்கம் கை தூக்குவார்கள் என்பீர்கள். தூக்கட்டும். யார் தூக்கினார்கள் என்பது ஐந்து வருடத்துக்குப் பதிவில் இருக்கும்.

இரகசியமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். எல்லையில் எத்தனை பட்டாலியன், எந்த ஏவுகணை எங்கே என்பதையெல்லாம் கிராம சபையில் வாசிக்க முடியாது. அவற்றைப் பார்க்கும் அமைச்சர்கள் சிலரே. அவர்களுக்குத் தனி நெறிமுறை இருக்கலாம், ஆனால் அதை வகுப்பதும் கண்காணிப்பதும் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் உள்ள நாடாளுமன்றக் குழுவாக இருக்க வேண்டும். மற்ற ஆயிரக்கணக்கான எம்.எல்.ஏ.க்கள், எம்.பி.க்கள், நகர்மன்ற உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள் கையில் இருப்பவை இராணுவ இரகசியங்கள் இல்லை. டெண்டர், பட்டா, மணல், குவாரி, ஏரி, குடிநீர்க் குழாய். இவற்றில் மறைக்க வேண்டியது எதுவும் கிடையாது.

கடைசியாக அந்த உறவுப் பட்டியல். அதை அப்படியே இன்று கொண்டுவர முடியாது. அப்பன் செய்த தவறுக்கு மகனின் உரிமையைப் பறிக்க நம் அரசியலமைப்பு அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பட்டியல் கண்டுபிடித்த நோய் அப்படியே இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் மனைவியை நிறுத்திவிட்டுக் கணவர் நாற்காலியில் உட்காருவதை நீங்கள் எத்தனை ஊரில் பார்த்திருப்பீர்கள்? தகுதி இழந்த தலைவரின் மகனோ மருமகளோ அதே தொகுதியில் நிற்பதை எத்தனை தேர்தலில் பார்த்திருப்பீர்கள்? தடை போடாமலே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் அவருடைய, வாழ்க்கைத் துணையின், அவரைச் சார்ந்து வாழ்பவர்களின் சொத்து கேட்கிறார்கள். அதோடு, கடந்த பத்து ஆண்டில் இந்த உள்ளாட்சியில் பதவியிலோ ஒப்பந்தத்திலோ இருந்த நெருங்கிய உறவினர் பெயர், அவர்கள் காலத்துத் தணிக்கை ஆட்சேபணைகள் என்று இரண்டு வரி கூடுதலாகக் கேட்டால் போதும். தடுக்க வேண்டாம், தெரிந்தால் போதும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. ஐந்தாண்டு என்றால் 2026 அக்டோபர். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான ஊர்களில் மொத்தத் தொகையை மட்டும் வேகமாக வாசித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஜ்ஜி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த சபையில் உங்களில் யாராவது எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். ஏரிக்கும் வரத்துக் கால்வாய்க்கும் இந்த ஐந்தாண்டில் எந்தத் திட்டத்தில் எவ்வளவு வந்தது? வேலையை எடுத்த ஒப்பந்ததாரர் யார்? தணிக்கையில் என்ன ஆட்சேபணை, அதற்கு என்ன பதில்? பதில் வராவிட்டால் பதில் வரவில்லை என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பக்கத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் நாளில் அந்த நகல் உங்களுக்குத் தேவைப்படும்.